பத்தாவது படி

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். முழங்கால் எப்படி இருக்கிறது? காது மெஷினைப் போட்டுக்கொள்கிறாயா, இல்லை வழக்கம்போல் அது டப்பாவுக்குள் தூங்குகிறதா? உடம்பளவில் நான் நன்றாகவே இருக்கிறேன். மற்றதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

உறையின் பின்னால் புது முகவரியைப் பார்த்திருப்பாய். ஆறு வாரமாக முதியோர் இல்லத்தில் இருக்கிறேன். மகன் கொண்டுவந்து விட்டான். வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம், அந்த வாசனை உங்களுக்கு ஆகாது, பத்தே நாள் என்றான். வெள்ளையடித்தது எப்போதோ காய்ந்துவிட்டது. என் அறையில் இப்போது மருமகளின் உடற்பயிற்சி சைக்கிள் நிற்கிறதாம். பேத்தி வாய்தவறிச் சொல்லிவிட்டாள்.

கீழ்த்தளத்தில் இருவர் தங்கும் அறை. கூட இருப்பவர் கைக்கடிகாரம் பழுது பார்த்தவர், எண்பத்தொரு வயது, நல்ல மனுஷர். இல்லத்தின் மேற்பார்வையாளருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் சாவிக்கொத்து. இடுப்பில் அது குலுங்குவதைக் கேட்டால் இங்கே பேச்சு நின்றுவிடும்.

போன வாரம் நாலு தெரு தள்ளி முடிவெட்டிக்கொள்ளப் போனேன். கடையில் கூட்டம், இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. திரும்பி வந்தால் பதிவேட்டில் 'வழி தவறி அலைந்தார்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். வழி தவறி அலைந்தவனுக்கு இவ்வளவு நேர்த்தியாக முடிவெட்டி விட்டது யார் என்று கேட்டேன். பதிவேட்டை மூடி உள்ளே வைத்துவிட்டார்கள். அதைக் காரணம் காட்டி என்னை மாடிக்கு மாற்றப் போகிறார்கள். மகன் சம்மதம் என்று கையெழுத்தும் போட்டுவிட்டான்.

மாடிக் கதவு எப்போதும் பூட்டியே இருக்கும், அக்கா. அங்கே போனவர்கள் தோட்டத்துக்குக்கூட இறங்குவதில்லை. பொறுப்பாளர் என்று பதிவான ஒரே ஆளுக்குத்தான் கடிதம் எழுதலாம். என் பொறுப்பாளர் மகன். உனக்கு எழுதுவதும் அதோடு நின்றுவிடும்.

தப்பிக்க ஒரே வழிதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனைக் குழு கூடும். அடுத்தது மார்ச் 24. இரத்த உறவு ஒருவர் நேரில் வந்து, இவன் புத்தி தெளிவாக இருக்கிறது, இவனுக்கு இனி நான் பொறுப்பு என்று சொல்ல வேண்டும். மகனை விட்டால் எனக்கு நீ ஒருத்திதான். ஒன்றரை நாள் ரயில் பயணம் என்பது தெரியும். இருந்தாலும் வா.

குடிநீர் அலுவலகத்தில் இருபத்தெட்டு வருஷம் குறைதீர் பிரிவை நடத்தியவன் நான். ஒரு நாளைக்கு அறுபது கடிதம் வரும். பதில் போகாமல் ஒன்றுகூட மேஜையில் தங்கியதில்லை. என்னைப் போய் இவன் இப்படிச் செய்துவிட்டான். வெளியே வந்ததும் என் மகனை நான் சும்மா விடப்போவதில்லை. அதற்காகவாவது வெளியே வர வேண்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
தம்பி

நீ செய்து கொடுத்த பல் செட் இன்னும் கல்லு மாதிரி இருக்கிறது. பல் செட் செய்கிற அக்கா இருப்பதில் உள்ள வசதியே தனி.

&nbsp;

ஜனவரி 27

தம்பிக்கு,

முழங்கால் என்னோடுதான் இருக்கிறது, சண்டை போட்டுக்கொண்டு. காது மெஷின் டப்பாவில் இருக்கிறது. யார் பேசுவதைக் கேட்க அதைப் போட்டுக்கொள்வது? நீ நலமாக இருப்பது தெரிந்தது.

வெள்ளையடிக்கிறோம், பத்து நாள் என்று சொல்லிக் கூட்டிப் போனானா? நல்ல யோசனை. யாரிடம் கற்றானோ.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்த மாடிக்கு எத்தனை படி? எண்ணிப் பார்த்து எழுது.

மற்றபடி, தங்கள் கடிதம் கிடைக்கப் பெற்றது. அதில் கண்டுள்ள பொருள் கவனத்தில் கொள்ளப்பட்டுள்ளது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

&nbsp;

பிப்ரவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறேன், நீயும் அப்படியே இருக்க வேண்டும். என்னைப் போய் 'தங்கள் கடிதம்' என்று எழுதியிருக்கிறாய். இந்த வயதிலும் உன் கிண்டல் போகவில்லை. கடிகாரக்காரரிடம் படித்துக் காட்டினேன், அவரும் சிரித்தார். பிறகு ஏனோ இன்னொரு தரம் படிக்கச் சொன்னார்.

இங்கே வரவேற்பறையில் 'குடியிருப்போர் உரிமைகள்' என்று கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். கூரைக்கு ஒரு முழம் கீழே. பொடி எழுத்து. இங்குள்ளவர்களில் யார் கண்ணுக்கு அது எட்டும்? நேற்று சாவிக்கொத்து வெளியே போன நேரம் பார்த்து, நான் நாற்காலியைப் பிடித்துக்கொள்ள, கடிகாரக்காரர் மேலே ஏறி, பழைய கண் லென்ஸை இடுக்கிக்கொண்டு வரிக்கு வரி படித்தார். நான் எழுதிக்கொண்டேன். மணி அடித்தால் கால் மணிக்குள் ஆள் வர வேண்டுமாம். எங்கள் கட்டில் பக்கத்து மணியைக் கழற்றி மூன்று வாரம் ஆகிறது. விருப்பத்துக்கு மாறாக மாடிக்கு மாற்றக் கூடாதாம், உறவினர் சொல்வதைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாதாம். அந்த உறவினர் நீ.

மார்ச் 24 காலை பத்து மணி. ரயிலுக்கு இப்போதே சீட்டு எடுத்து வை.

தம்பி

&nbsp;

மார்ச் 6

தம்பிக்கு,

இங்கே எல்லாம் அப்படியே. உனக்கு இருமல் ஏதும் இல்லையே?

தங்கள் கடிதம் கிடைக்கப் பெற்றது. தாங்கள் சுட்டிய குறை உரிய பிரிவின் பரிசீலனையில் உள்ளது. விரைவில் ஆவன செய்யப்படும்.

படி எத்தனை என்று கேட்டிருந்தேன். அதற்குப் பதில் வரவில்லை.

அக்கா

&nbsp;

மார்ச் 30

அக்காவுக்கு,

நலமா என்று கேட்கக்கூட மனசு வரவில்லை. இருந்தாலும் கேட்கிறேன், நலமா?

24ஆம் தேதி காலையில் முகம் மழித்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு ஒன்பது மணிக்கே பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டேன். வாசலில் வண்டி நிற்கும்போதெல்லாம் எழுந்தேன். ஒரு தடவை காய்கறி வந்தது, ஒரு தடவை சலவைத் துணி வந்தது. பிறகு மகன் வந்தான். பதினொன்றரைக்கு என்னைக் கூப்பிட்டு, உறவினர் வரவில்லையா என்று கேட்டார்கள். ரயில் தாமதமாக இருக்கும் என்றேன். சாவிக்கொத்து மகனைப் பார்த்துச் சிரித்தார்.

உன் பெயரை எழுதிக் கொடுத்திருந்ததால் இன்னும் ஒரே ஒரு கூட்டம் வரை பொறுப்பார்களாம். ஜூன் 24. அன்றைக்கும் யாரும் வராவிட்டால் அதே சாயங்காலம் மாடி.

என்ன அக்கா இப்படி எழுதுகிறாய்? நான் கேட்பது வருவாயா மாட்டாயா என்று. நீ எழுதுவது ஆபீஸ் காகிதம் மாதிரி இருக்கிறது. கோபமா? அம்மா இருந்திருந்தால் என்னை இப்படி விட்டிருப்பாளா?

தம்பி

&nbsp;

ஏப்ரல் 29

தம்பிக்கு,

இடைப்பட்ட காலத்தில் பொறுமை காத்து ஒத்துழைப்பு நல்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.

படி எத்தனை?

அக்கா

&nbsp;

மே 10

அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கடிகாரக்காரரிடம் படித்துக் காட்டினேன். மனுஷர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"உங்க அக்கா குடிநீர் ஆபீஸ்லயா வேலை பாத்தாங்க?" என்றார். இல்லை, பல் செட் செய்கிறவள் என்றேன். "எங்க தெருக் குழாய்ல ரெண்டு வாரம் தண்ணி வரலைன்னு மூணு தடவை எழுதிப் போட்டேன். மூணுக்கும் இதே பதில்தாங்க வந்துச்சு. ஒரு எழுத்து மாறலை. கோபத்துல மனப்பாடமே ஆயிடுச்சு." நான் படிக்காத மிச்சத்தையும் அவரே சொல்லி முடித்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த வாசகங்கள் என்னுடையவை. பதவிக்கு வந்த முதல் வருஷம் பன்னிரண்டு பதில்களை எழுதி எண் போட்டு டைப்பிஸ்டிடம் கொடுத்தேன். அதற்குப் பிறகு எண்ணை மட்டும்தான் சொல்வேன், அவள் அடித்துவிடுவாள். எண்கள் எனக்கு நினைவிருந்தன. சொற்கள் மறந்தே போய்விட்டன.

நீ எனக்கு எழுதியது ஒன்று, நாலு, பதினொன்று.

இவை உனக்கு எப்படிக் கிடைத்தன?

படிகள் இருபத்திரண்டு.

தம்பி

&nbsp;

மே 19

தம்பிக்கு,

நீ நலமா என்று இன்றைக்கு நான் கேட்கப் போவதில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் உன் ஆபீஸ் டைப்பிஸ்ட் என்னைத் தேடி வந்தாள். அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. ஆபீஸ் கட்டடம் மாறியபோது பழைய கோப்புகளை எடைக்குப் போட்டார்களாம். ஒன்றை மட்டும் முந்தானைக்குள் மறைத்து எடுத்துப் போய் வீட்டில் வைத்திருந்திருக்கிறாள். அதை என் கையில் கொடுத்துவிட்டு, ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் அழுதாள். காது மெஷினைப் போட்டுக்கொண்டு அவள் சொன்னது முழுவதையும் கேட்டேன்.

அது அம்மாவின் கோப்பு. இருபத்திநாலு வருஷத்துக்கு முன்னால், வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம், பத்து நாள் என்று சொல்லி நீ அம்மாவைக் கொண்டுபோய் விட்டாயே, அதே இல்லம், அதே மாடி. இப்போது இருப்பதும் அதே இடம்தான் என்று எனக்கு எழுத உனக்கு நாலு மாதமாகக் கை வரவில்லை. முதல் கடிதத்தின் உறையைப் பார்த்ததுமே எனக்குத் தெரியும்.

மாடியில் இருப்பவர்கள் பொறுப்பாளருக்கு மட்டும்தான் எழுதலாம் என்ற விதி உனக்குப் புதிதா? அம்மாவின் பொறுப்பாளர் நீ. வீட்டுக்குக் கடிதம் வந்தால் மனைவி முகம் சுளிப்பாள் என்று ஆபீஸ் முகவரியைக் கொடுத்தாய். பதினோரு மாதத்தில் அம்மா முப்பத்தேழு கடிதம் எழுதினாள். எல்லாம் குறைதீர் பிரிவின் தட்டில் வந்து விழுந்தன, குழாயில் தண்ணீர் வராதவர்களின் கடிதங்களோடு. டைப்பிஸ்ட் பிரித்து, "சார், உங்க அம்மா எழுதியிருக்காங்க" என்பாளாம். நீ நிமிராமல், "நாலும் பதினொண்ணும் போடு" என்பாயாம். உன் கைக்கு ஒன்றுகூட வரவில்லை. பதில் மட்டும் தவறாமல் போயிருக்கிறது. அந்தப் பெருமையைத்தான் எனக்கு எழுதியிருந்தாய்.

ஒன்பதாவது கடிதம் இது: 'கழுவித் தருகிறோம் என்று பல் செட்டை வாங்கிப் போனார்கள். தொலைந்துவிட்டதாம். மெல்ல முடியவில்லை, பேசினால் யாருக்கும் புரியவில்லை. அக்காவிடம் சொல்லு. என் வாய் அச்சு அவளிடம் இருக்கிறது. ஒரு வாரத்தில் செய்து அனுப்பிவிடுவாள்.'

அந்த அச்சு என் பட்டறை அலமாரியில் இருந்தது, தம்பி. உட்கார்ந்த இடத்திலிருந்தே கைக்கு எட்டும். ஊரில் உள்ள பொக்கை வாய்க்கெல்லாம் பல் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என்னைப் பெற்றவள் பல் இல்லாமல் ஒன்பது மாதம் இருந்து செத்திருக்கிறாள். அவளுக்குப் போன பதில்: நாலு, பதினொன்று.

எனக்கு நீ எழுதியது வேறு. அம்மா சௌக்கியம், ஞாயிறுதோறும் போய்ப் பார்க்கிறேன், உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன் என்றெல்லாம் எழுதினாய். அவளிடம் கொடுக்கச் சொல்லி உனக்கு நான் அனுப்பிய ஆறு கடிதங்களும் ஒட்டு பிரிக்காமல் அதே கோப்பில் இருக்கின்றன. இங்கே கணவர் படுத்த படுக்கை. உன்னை நம்பினேன். ஒரு தடவை நேரில் போய்ப் பார்த்திருக்கலாம், போகவில்லை. அது என் பங்கு. அதை நான் யார் தலையிலும் கட்டப்போவதில்லை.

கோப்பு வந்த அன்றைக்கே எழுதி உன்னைக் கிழித்திருக்கலாம். எழுதவில்லை. எழுதினால் மன்னிப்புக் கேட்டு நாலு வரி போடுவாய், அதோடு முடிந்துவிடும். உனக்கு ஒரு நாள் வரும் என்று காத்திருந்தேன். ஜனவரியில் வந்தது. சந்தோஷப்பட்டேன், ஒளிக்கவில்லை. ஒவ்வொரு பதிலையும் அந்தக் கோப்பைப் பார்த்துத்தான் எழுதினேன். மார்ச் 24 காலை பத்து மணிக்கு, நீ பெஞ்சில் உட்கார்ந்திருப்பாய் என்று தெரிந்தே, வீட்டில் டீ போட்டுக் குடித்தேன். ருசியாகத்தான் இருந்தது.

ஜூன் 24க்கும் நான் வரமாட்டேன்.

அக்கா

&nbsp;

ஜூன் 3

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது என்று எழுதக்கூடக் கை கூசுகிறது. அது எண் ஒன்று.

நீ எழுதியது எல்லாம் உண்மை. படிக்கவில்லை. படித்தால் ஏதாவது செய்ய வேண்டி வரும் என்று தெரியும், அதனால் படிக்கவில்லை. பல் செட் விஷயம் இப்போதுதான் தெரியும். தெரியாது என்பது எனக்கு ஆதரவான வாதம் இல்லை. அதுவேதான் குற்றம்.

முந்தாநாள் மகன் வந்திருந்தான். எந்த மனசோடு என்னை இங்கே விட்டாய் என்று கேட்டேன். "பாட்டி இருந்த இடம்தானேப்பா? நல்லாப் பாத்துக்கறாங்கன்னு நீங்கதானே அப்பச் சொன்னீங்க" என்றான். அவன் முகத்தில் குத்தலே இல்லை, அக்கா. நம்பித்தான் சொல்கிறான். அவனைப் பழிவாங்க ஆறு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த சொற்களில் ஒன்றைக்கூடச் சொல்ல முடியவில்லை.

உனக்குச் சொல்லாத ஒன்று பாக்கி இருக்கிறது. அம்மாவைப் பார்க்க நான் ஒரே ஒரு தடவை வந்தேன். அவள் போவதற்கு இரண்டு மாதம் முன்னால் இருக்கும். படி ஏறினேன். மேலே பூட்டிய கம்பிக் கதவு, அதற்குப் பின்னால் படிக்கட்டுக்கு முதுகு காட்டி ஒரு நாற்காலி. அவள் முதுகு மட்டும் தெரிந்தது. யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். குரல் அவளுடையது, சொல் ஒன்றும் புரியவில்லை. அம்மாவுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாகவும் இருந்தது. பத்தாவது படியில் நின்றேன், திரும்பி இறங்கிவிட்டேன். பல் இல்லாத வாய் அது என்று இன்றைக்குத் தெரிகிறது.

நேற்று அதே பத்தாவது படியில் போய் நின்றேன். மேலே இப்போதும் ஒரு நாற்காலி இருக்கிறது.

நீ வர வேண்டாம். வா என்று கேட்க எனக்கு வாயில்லை. 24ஆம் தேதி சாயங்காலம் நானே ஏறிவிடுகிறேன். இதுதான் என் கடைசிக் கடிதமாக இருக்கும். முழங்காலைப் பார்த்துக்கொள்.

தம்பி

&nbsp;

ஜூன் 13

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கோப்பைத் திறந்தேன். முப்பத்தொன்றாவது கடிதத்தை அப்படியே எழுதுகிறேன்.

'இன்றைக்கு மத்தியானம் யாரோ படி ஏறி வந்தார்கள். நான் எண்ணினேன். பத்துப் படி. செருப்புச் சத்தம் உன்னுடையது மாதிரியே இருந்தது. திரும்பிப் பார்த்தால் இல்லாமல் போய்விடுமோ என்று திரும்பாமல் உட்கார்ந்திருந்தேன். சத்தம் நின்றது. பிறகு இறங்கிப் போய்விட்டது. உனக்கு ஆபீஸில் அவசர வேலை வந்திருக்கும். அடுத்த தடவை இருபத்திரண்டும் ஏறி வா.'

ஓரத்தில் டைப்பிஸ்டின் சிவப்பு மையில் 4, 11 என்று இருக்கிறது.

அது நீதானா, அம்மா வெறுமனே ஆசைப்பட்டாளா என்று நாலு வருஷமாக எனக்குத் தெரியாமல் இருந்தது. படி எத்தனை என்று கேட்டுக்கொண்டே இருந்ததும் அதற்காகத்தான். நீயாகவே சொல்லிவிட்டாய்.

நான் வருகிறேன். 22ஆம் தேதி ரயில். 24 காலை பத்து மணிக்கு அந்தப் பெஞ்சில் உன் பக்கத்தில் இருப்பேன். இவன் புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது, எப்போதுமே தெளிவாகத்தான் இருந்தது என்று குழுவிடம் சொல்லுவேன். கழற்றிய மணிகளைப் பற்றியும் கூரைக்கடியில் மாட்டிய சட்டத்தைப் பற்றியும் கேட்பேன். கடிகாரக்காரரைச் சாட்சிக்கு லென்ஸோடு வரச் சொல். அம்மாவின் பல் எங்கே என்று சாவிக்கொத்தைக் கேட்பேன். அந்த ஆள் அப்போது அங்கே இருந்தாரா இல்லையா என்பது எனக்குத் தேவையில்லை. யாராவது ஒருவர் பதில் சொல்ல வேண்டும்.

மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. உன்னை அந்த மாடியில் விட்டால் நீ பட்டதும் அம்மா பட்டதும் சரிக்குச் சரி என்று ஆகிவிடும். சரிக்குச் சரி ஆவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

என் வீட்டுக்கு வா. தினமும் காலைச் சாப்பாடு முடிந்ததும் அம்மாவின் கடிதம் ஒன்றை எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். என் கண் நன்றாகத் தெரிகிறது, இருந்தாலும் நீதான் படிக்க வேண்டும். காது மெஷினைப் போட்டுக்கொண்டு உட்காருவேன். முப்பத்தேழும் முடிந்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்போம்.

மாடி அறை உனக்கு. கதவுக்குப் பூட்டு கிடையாது, எப்போது வேண்டுமானாலும் இறங்கி வரலாம், எந்தக் கடைக்கு வேண்டுமானாலும் போய் முடிவெட்டிக்கொள்ளலாம். பல் செட்டை மட்டும் கழற்றி யாரிடமும் கொடுக்காதே.

என் வீட்டு மாடிக்குப் பதினாறு படி. இந்த முழங்காலை வைத்துக்கொண்டு நான் ஏறி வருவேன். கோபம் இருக்கிற நாளில் பத்துப் படி ஏறி, அங்கேயே நின்று, திரும்பி இறங்கிவிடுவேன். இல்லாத நாளில் மீதி ஆறும் ஏறுவேன். இன்றைக்கு எந்த நாள் என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டேன். நீ உட்கார்ந்து எண்ணிக்கொண்டிரு.

அக்கா